முதுமையும் புற்றுநோயும்: ஒரு வரலாறு



நம் தோட்டப்புறங்களில் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு பேச்சு உண்டு. "எங்கள் தாத்தா பாட்டி காலத்தில் இந்தப் புற்றுநோய் எங்கே இருந்தது? பழைய கஞ்சியைக் குடித்துவிட்டு மலைக்காட்டில் மரம் சீவினார்கள். நோய்நொடி இல்லாமல் இருந்தார்கள். இப்பொழுதுதான் வீட்டுக்கு வீடு இந்த நோய் வந்துவிட்டது" என்பார்கள். இதைக் கேட்கும் இளையவர்களும் ஆமாம் என்று தலையசைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்தப் பேச்சில் ஓரளவு உண்மையும் இருக்கிறது, ஒரு பெரிய பிழையும் இருக்கிறது. உண்மையையும் பிழையையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதுதான் இன்றைய நம் நோக்கம். வயது ஏற ஏறப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் ஏன் ஏறுகிறது என்பதை மனிதர்கள் எவ்வாறு கண்டறிந்தனர் என்ற வரலாற்றையும் அதனோடு சேர்த்துக் காண்போம்.

முதலில், இது புதிய நோய் அன்று. கிரேக்க நாட்டு மருத்துவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு நண்டு என்று பெயர் வைத்தார்கள். கட்டியைச் சுற்றிப் பரவிய இரத்தக் குழாய்கள் நண்டின் கால்களைப் போல் அவர்களுக்குத் தோன்றின. வடமொழி மருத்துவ நூலான சுசுருத சங்கிதையில் அற்புதம் என்ற பெயரில் கட்டிகள் விவரிக்கப்பட்டுள்ளன. நம் தமிழிலோ புற்று என்றார்கள். கரையான் புற்று எவ்வாறு ஓசையில்லாமல் தரைக்குள் பரவி ஒரு நாள் மேலே மேடாக எழும்புகிறதோ, அவ்வாறே உடம்பில் எழும்பும் நோய் இது. ஒரு நோய்க்கு மக்களின் மொழியில் பெயர் இருக்கிறதென்றால் அந்த நோயும் மக்களிடையே இருந்திருக்கிறது என்றுதானே பொருள்?

அப்படியானால், நம் முன்னோர் வாழ்ந்த லயங்களில் இதை ஏன் அதிகம் காணவில்லை? இதற்கு விடை தேட, நாம் பேரா மாநிலத்தின் தோட்ட வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பது, 1877-ஆம் ஆண்டில் நம் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தச் சிறு தொடக்கத்திலிருந்து முப்பது ஆண்டுகளுக்குள் பேராவிலும் சிலாங்கூரிலும் காடுகள் அழிந்து பால்மரத் தோட்டங்கள் எழுந்தன. சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தான் வட்டாரத்திலும் பத்து காஜாவைச் சுற்றியும் கப்பலில் வந்திறங்கிய தமிழர்கள் குடியமர்த்தப்பட்டனர். வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். கங்காணிமார் கிழவர்களைத் தேடி ஆள் பிடிக்கவில்லை. உழைக்கத் தகுந்த உடம்புகளைத்தான் தேடிப் பிடித்தார்கள்.

அந்த இளைஞர்களும் நெடுநாள் வாழவில்லை. காட்டை வெட்டியதும் ஓடைகளில் வெயில் பட்டது. வெயில் பட்ட தெளிந்த நீரில் மலேரியாக் கொசு பெருகியது. மலைக்காய்ச்சலும், வயிற்றுக்கடுப்பும், கொக்கிப்புழுவால் வரும் சோகையும் லயங்களை வாட்டின. 1911-ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளர்களுக்கு 60 பேருக்கு மேல் அந்த ஓராண்டிலேயே மாண்டார்கள். ஆயிரம் பேர் கொண்ட ஒரு பெரிய தோட்டத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருவரைக் குழியில் இறக்கியிருக்கிறார்கள்! கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901 முதல் சதுப்பு நிலங்களை வடித்தும் கால்வாய்களை ஒழுங்குபடுத்தியும் மலேரியாவை அடக்கிக் காட்டினார். அவர் காட்டிய வழி தோட்டங்களுக்குப் பரவப் பல ஆண்டுகள் பிடித்தன. பின்னர் 1942-க்கும் 1945-க்கும் இடையில் சயாம் மரண ரயில் பாதை, நம் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்களில் பல்லாயிரம் பேரை விழுங்கியது.

இப்படி இருபதிலும் முப்பதிலும் மாண்டுபோனவர்களுக்கு அறுபது வயதில் வரும் நோய் எப்படி வரும்? நாடு விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டில் கூட மலாயாவில் பிறந்த ஒரு குழந்தையின் சராசரி ஆயுள் 60 ஆண்டை எட்டவில்லை. இன்றோ நாட்டின் சராசரி ஆயுள் 70-ஐக் கடந்துவிட்டது. குடிநீர்க் குழாய், தடுப்பூசி, கொசு ஒழிப்பு, மருத்துவமனை ஆகியவை நம் மக்களுக்கு முதுமை என்ற ஒரு பருவத்தையே கொடுத்திருக்கின்றன. அந்தப் பருவத்தோடு சேர்ந்து அதற்குரிய நோய்களும் வெளியே தெரிகின்றன. ஆகவே, தாத்தா காலத்தில் புற்றுநோய் குறைவாகத் தெரிந்ததற்கு அவர் குடித்த கஞ்சி காரணம் அன்று. தாத்தாக்களே குறைவாக இருந்ததுதான் முதற்காரணம்.

இரண்டாவது காரணமும் உண்டு. நோய் இருந்தது, பெயர் எழுதப்படவில்லை. தோட்டத்து மருத்துவமனையில் டிரெஸ்ஸர் ஒருவர் இருப்பார். மாத்திரை, மருந்துத் தண்ணீர், புண்ணுக்குக் கட்டு, இவைதாம் அவருடைய ஆயுதங்கள். ஒரு பாட்டி உடல் மெலிந்து, சோறு இறங்காமல், வலியோடு இறந்தால் அதன் காரணத்தை யார் ஆராய்ந்தார்கள்? வீட்டில் இறந்த முதியவர்களுக்கு மலாய் மொழியில் 'சாக்கிட் துவா' என்று காரணம் எழுதும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. முதுமை நோய் என்று அதற்குப் பொருள். முதுமை என்று ஒரு நோய் இல்லை, நேயர்களே! முதுமையில் வரும் நோய்கள்தாம் உண்டு. அவற்றுக்குத் தனித்தனிப் பெயரும் தனித்தனி மருத்துவமும் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் முடிவில் மீண்டும் தேவைப்படும்.

இனி, முதுமையில் ஏன் இந்த நோய் மிகுதியாக வருகிறது என்ற கேள்விக்கு வருவோம்.

1775-ஆம் ஆண்டில் இலண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். அந்த நாளில் வீட்டுப் புகைபோக்கிகளுக்குள் இறங்கிக் கரியைச் சுரண்டுவதற்கு ஏழைச் சிறுவர்களை அனுப்புவார்கள். அந்தச் சிறுவர்கள் வளர்ந்து ஆளான பின்னர், அவர்களில் பலருக்கு விதைப்பையின் தோலில் புற்றுநோய் கண்டது. தோல் மடிப்பில் படிந்த கரிதான் காரணம் என்று பாட் எழுதினார். ஒரு பொருளைச் சுட்டி, இதனால் புற்றுநோய் வருகிறது என்று கூறிய முதற் கண்டுபிடிப்புகளுள் இது ஒன்று. நமக்கு இங்கே முக்கியமானது காலக் கணக்கு. கரி பட்டது சிறுவயதில், நோய் வந்தது பல ஆண்டுகளுக்குப் பின்னர்.

கரியால் புற்று வரும் என்றால், அதைச் சோதனைச் சாலையில் உண்டாக்கிக் காட்ட வேண்டுமல்லவா? பலர் முயன்று தோற்றனர். ஜப்பான் நாட்டில் யமகிவா, இச்சிக்காவா என்ற இருவர் முயல்களின் காதில் நிலக்கரித் தாரைத் தடவினார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அன்று. மாதக் கணக்கில் விடாமல் தடவினார்கள். 1915-ஆம் ஆண்டில் முயலின் காதில் புற்று எழும்பியது. முன்னே முயன்றவர்களுக்கு இல்லாத பொறுமை இவர்களுக்கு இருந்தது. புற்று எழும்பக் காலம் வேண்டும் என்பதை அந்த முயல்கள் உலகுக்குக் காட்டின.

அந்தக் காலத்தில் உடம்புக்குள் நடப்பது என்ன? நம் உடம்பு உயிரணுக்களால் ஆனது. ஏறத்தாழ 30 லட்சம் கோடி உயிரணுக்கள் ஒரு மனித உடலில் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். பழையன தேயத் தேயப் புதியன பிறக்கின்றன. தோலும், குடலின் உட்புறமும், வாயின் உட்புறமும், இரத்தமும் ஓயாமல் புதுப்பிக்கப்படுகின்றன. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதனுள் இருக்கும் மரபுக் குறிப்பு முழுவதும் படியெடுக்கப்படுகிறது.

இதைத் தோட்டத்துப் பழக்கத்தால் விளக்கலாம். கிராணியார் பழைய செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துப் புதிய புத்தகத்தில் பெயர்களை எடுத்தெழுதுகிறார். அடுத்த ஆண்டு, அந்தப் படியைப் பார்த்து இன்னொரு படி எழுதுகிறார். எவ்வளவு கவனமானவராயினும் எப்பொழுதாவது ஓர் எழுத்து தவறும். ஒரு படியில் விழுந்த பிழை அடுத்த படியிலும் தொடரும். புதிய பிழையும் வந்து சேரும். நாற்பது ஆண்டுகள் படியெடுத்த புத்தகத்தில், பத்து ஆண்டுகள் படியெடுத்த புத்தகத்தைக் காட்டிலும் பிழைகள் மிகுந்திருக்கும் அல்லவா? உயிரணுக்களிலும் அவ்வாறே. பெரும்பாலான பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு உடம்பிலேயே உண்டு. திருந்தாமல் போனவற்றிலும் பல, தீங்கற்றவை. ஆனால் "இதோடு வளர்ச்சியை நிறுத்து" என்று கட்டளையிடும் வரியில் பிழை விழுந்தால், அந்த உயிரணு நிற்காமல் பெருகத் தொடங்கும்.

ஒரே ஒரு பிழை போதுமா? போதாது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் பீட்டர் ஆர்மிட்டேஜ், ரிச்சர்ட் டால் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். 1954-ஆம் ஆண்டில் இவர்கள் இங்கிலாந்தின் மரணப் பதிவுகளை வயதுவாரியாக அடுக்கிப் பார்த்தனர். வயிறு, குடல் முதலிய உறுப்புகளின் புற்றுநோயால் ஏற்படும் மரணம், வயதின் ஆறாம் அடுக்கைப் போல் உயர்வதைக் கண்டனர். எளிமையாகச் சொன்னால், வயது இரு மடங்கானால் அபாயம் இரண்டை ஆறு முறை பெருக்கிய அளவு, அதாவது 64 மடங்கு ஆகிறது. நாற்பது வயதில் இருந்த அபாயத்துக்கும் எண்பது வயதில் இருக்கும் அபாயத்துக்கும் ஏறத்தாழ அவ்வளவு இடைவெளி!

ஆறாம் அடுக்கு எங்கிருந்து வந்தது? ஒரு கதவுக்கு ஏழு தாழ்ப்பாள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தாழ்ப்பாளும் எந்த ஆண்டிலும் தற்செயலாகக் கழன்றுவிடலாம். ஆனால் அதற்கான வாய்ப்பு மிகவும் குறைவு. தாழ்ப்பாள் ஒன்றே ஒன்றுதான் என்றால், இந்த ஆண்டு கதவு திறக்கும் வாய்ப்பு இருபது வயதுக்காரருக்கும் எழுபது வயதுக்காரருக்கும் ஒன்றுதான். இரண்டு தாழ்ப்பாள் என்றால், இந்த ஆண்டு கதவு திறப்பதற்கு முன்பே ஒன்று கழன்றிருக்க வேண்டும். அது கழல்வதற்கு எழுபது வயதுக்காரருக்கு நிறைய ஆண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஏழு தாழ்ப்பாள் என்றால் ஆறு முன்பே கழன்றிருக்க வேண்டும். அங்கேதான் வயது ஆறு முறை பெருக்கப்படுகிறது. ஆகவே ஓர் உயிரணு புற்றாக மாற ஆறு ஏழு படிகள் வேண்டியிருக்கலாம் என்று அவர்கள் ஊகித்தனர். எல்லாப் புற்றுக்கும் எண்ணிக்கை ஏழுதான் என்று இன்று யாரும் சொல்வதில்லை. குறைவான படிகளில் முடிவனவும் உண்டு. ஆனால் படிப்படியாக வரும் நோய் என்ற கருத்து நிலைத்துவிட்டது. 1980களின் இறுதியில் அமெரிக்காவில் பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவினர், பெருங்குடலில் சிறு கட்டி பெரிய கட்டியாகி, பின் புற்றாவதையும், ஒவ்வொரு கட்டத்திலும் மரபுப் பிழைகள் கூடுவதையும் கண்ணால் காணும்படி காட்டிவிட்டனர்.

"பச்சைக் குழந்தைக்கும் புற்றுநோய் வருகிறதே, அது எப்படி?" என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆல்பிரட் நட்சன் என்ற மருத்துவர் 1971-ஆம் ஆண்டில் குழந்தைகளின் கண்ணில் வரும் ஒரு வகைப் புற்றை ஆராய்ந்தார். அதற்கு இரண்டு பிழைகள் வேண்டும். சில குழந்தைகள் ஒரு பிழையோடே பிறக்கின்றன. ஒரு தாழ்ப்பாள் பிறக்கும்போதே கழன்றிருக்கிறது. ஆகவே நோய் விரைவில் வருகிறது. இளவயதில் வரும் நோயும் இவ்வாறு அதே விதியைத்தான் காட்டுகிறது.

இதுவரை கேட்டவர்கள், "அப்படியானால் வயதாவதுதான் குற்றம். அதை யாரால் தடுக்க முடியும்?" என்று மனம் தளரலாம். இங்கேதான் வரலாறு நமக்கு ஒரு நல்ல செய்தியைச் சொல்கிறது.

1975-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் பீட்டோவும் அவர் தோழர்களும் சுண்டெலிகளில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். தாரிலும் புகையிலைப் புகையிலும் உள்ள ஒரு நச்சுப் பொருளைச் சுண்டெலிகளின் தோலில் தொடர்ந்து தடவினார்கள். சில எலிகளுக்குப் பத்து வார வயதில் தொடங்கினார்கள், சிலவற்றுக்கு ஐம்பத்தைந்து வார வயதில் தொடங்கினார்கள். முதிய எலிக்கு விரைவில் புற்று வந்ததா? இல்லை. எத்தனை வாரம் தடவினார்கள் என்பதைப் பொறுத்தே புற்று வந்தது. தொடங்கும்போது எலிக்கு என்ன வயது என்பது பெரிதாகக் கணக்கில் வரவில்லை.

இதன் பொருள் என்ன? முதுமையில் காணும் அபாயத்தில் ஒரு பெரும் பங்கு, ஆண்டுகள் கழிந்ததால் மட்டும் வந்ததன்று. அந்த ஆண்டுகளில் உடம்பில் பட்டுக்கொண்டே இருந்தவற்றால் வந்தது. ரிச்சர்ட் டால் 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பிரிட்டிஷ் மருத்துவர்களின் புகைப் பழக்கத்தைக் கவனித்து வந்தார். 2004-ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: புகையை முப்பது வயதில் நிறுத்தியவர், நிறுத்தாதவரைவிடச் சராசரியாகப் பத்தாண்டு கூடுதலாக வாழ்கிறார். நாற்பதில் நிறுத்தியவருக்கு ஒன்பது ஆண்டு, ஐம்பதில் நிறுத்தியவருக்கு ஆறு ஆண்டு, அறுபதில் நிறுத்தியவருக்கும் மூன்று ஆண்டு கிடைக்கிறது. பிழைகளைச் சேர்ப்பதை எந்த வயதிலும் நிறுத்தலாம். நிறுத்தியதற்குப் பலனும் உண்டு.

முதுமைக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வயதான உடம்பில் பிழை திருத்தும் ஆற்றலும், தவறான உயிரணுக்களைக் களையெடுக்கும் எதிர்ப்பாற்றலும் தளர்கின்றன. 2018-ஆம் ஆண்டில் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் நோயில்லாத மனிதர்களின் உணவுக்குழாயைச் சோதித்தனர். நடுவயதைக் கடந்தவர்களின் உணவுக்குழாயில் பெரும்பகுதி, ஏற்கெனவே சில பிழைகளைச் சுமந்த உயிரணுக்களால் நிறைந்திருந்தது. அவர்களுக்குப் புற்றுநோய் இல்லை. சில தாழ்ப்பாள்கள் கழன்றிருந்தன, மற்றவை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தன. மீதித் தாழ்ப்பாள்களை நாமே போய்த் தட்டிக் கழற்றாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நாம் அறிய வேண்டிய பாடம்.

நம் தமிழ் மக்கள் தாமே தட்டிக் கழற்றும் தாழ்ப்பாள் ஒன்று உண்டு. அது நம் வெற்றிலைப் பெட்டிக்குள் இருக்கிறது.

குமரி மாவட்டத்தில் நெய்யூர் என்ற ஊர் இருக்கிறது. முன்பு அது திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டது. 1956-ஆம் ஆண்டில் தமிழகத்தோடு இணைந்தது. அங்கே இலண்டன் மிஷன் மருத்துவமனை 1838-ஆம் ஆண்டு முதல் நடந்து வந்தது. அங்குப் பணியாற்றிய மருத்துவர்கள், வேறெங்கும் காணாத அளவில் கன்னத்திலும் ஈறிலும் நாக்கிலும் புற்றோடு வரும் மக்களைக் கண்டு திகைத்தனர். பென்டால் என்ற மருத்துவர் 1908-ஆம் ஆண்டிலேயே 1,700 நோயாளிகளைப் பற்றிய குறிப்பை வெளியிட்டார். எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் இருந்த சாமர்வெல், மலையை விட்டுவிட்டு நெய்யூருக்கு வந்து பல ஆண்டுகள் இந்த நோயாளிகளுக்கு அறுவை மருத்துவமும் ரேடிய மருத்துவமும் செய்தார். அவரோடு பணியாற்றிய ஓர் என்ற மருத்துவர் 1933-ஆம் ஆண்டில், வெற்றிலை பாக்கோடு புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை விரிவாக எழுதினார்.

அந்த வட்டாரத்திலிருந்தும் தஞ்சை, சேலம், திருச்சி, வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்தும் கடல் கடந்து வந்த நம் முன்னோர் வெற்றிலைப் பெட்டியையும் கூடவே கொண்டு வந்தனர். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து, பால் எடுத்து முடியும்வரை பசி தெரியாமல் இருக்க அவர்களுக்குக் கிடைத்த துணை அதுதான். பத்து வயதில் தொடங்கிய பழக்கம், பல் விழுந்த பிறகும் சிறு உரலில் இடித்து வாயில் அடக்கிக்கொள்ளும் அளவுக்கு வேரூன்றியது. அறுபது வயதில் ஒரு பாட்டியின் கன்னம், ஐம்பது ஆண்டுக் காலம் அந்தச் சாற்றில் ஊறிய கன்னம். யமகிவாவின் முயல்களை நினைத்துப் பாருங்கள்!

ஜப்பானிய ஆய்வாளர் ஹிராயாமா உலகச் சுகாதார நிறுவனத்துக்காக இந்தியா, இலங்கை, மலாயா முதலிய நாடுகளில் ஆராய்ந்து 1966-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். புகையிலை மெல்லுவோருக்கும், அதை வாயில் அடக்கியபடியே தூங்குவோருக்கும் வாய்ப் புற்று மிகுதி என்று அதில் கண்டார். 1970களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் இராமநாதன், நம் நாட்டில் இந்த நோய் இந்தியர்களிடையே மற்ற இனத்தாரைவிட மிக அதிகமாக இருப்பதைப் பதிவு செய்தார். நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடும் அதையே காட்டியது. அதிலும் இந்தியப் பெண்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர். "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று சொல்வோர் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். புகையிலை சேராத பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் அறிவித்துவிட்டது.

வெற்றிலை பாக்கு நம் மரியாதைக்குரிய பொருள். நிச்சயதார்த்தத் தட்டில் அது இருக்கட்டும். சாமி படையலில் இருக்கட்டும். கன்னத்துக்குள் மட்டும் இருக்க வேண்டாம்.

இந்த நோயை எதிர்த்துத் தமிழகத்தில் எழுந்த ஒரு பெரும் முயற்சியையும் இங்கே நினைவுகூர வேண்டும். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார், 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். "சாகப்போகிற நோய்க்கு எதற்கு மருத்துவமனை?" என்ற எண்ணம் பரவியிருந்த காலம் அது. அடுத்த ஆண்டில் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ஆம் ஆண்டில் மறையும் வரை அந்தப் பணியிலேயே வாழ்ந்தார். முளையிலே கண்டால் இந்த நோயைக் குணப்படுத்தலாம் என்பதை அவர்கள் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தனர்.

முளையிலே காண்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். 2012 முதல் 2016 வரை நம் நாட்டில் பதிவான புற்றுநோயாளிகளில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல், நோய் மூன்றாம் நிலைக்கோ நான்காம் நிலைக்கோ முற்றிய பிறகே கண்டறியப்பட்டனர். ஏன் இந்தத் தாமதம்? பணம், போக்குவரத்து, பயம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் நாம் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு காரணம், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்ற மூன்றே சொற்கள். பாட்டிக்குச் சோறு இறங்கவில்லையா? வயசாச்சு. அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று பத்தாண்டு கழித்து இரத்தம் பட்டதா? வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. தாத்தா மெலிந்துவிட்டாரா? வயசாச்சு. 'சாக்கிட் துவா' என்று எழுதுவதை மரணத்துக்கு முன்பே நாம் தொடங்கிவிடுகிறோம்.

அறிவியல் சொல்வதோ நேர் எதிரானது. வயதானவரிடம் இந்த அறிகுறிகள் தோன்றினால்தான் நாம் கூடுதலாக விழிப்படைய வேண்டும். ஏனென்றால் அபாயம் கூடியிருப்பது அந்த வயதில்தான்.

ஆகவே, வீட்டில் உள்ள இளையவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை அகலத் திறக்க முடியாமை, காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல் ஆகியவை கண்டால் அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பல்வலி இருந்தால்தான் போக வேண்டும் என்பதில்லை. 1990களின் பிற்பகுதியில் பல் மருத்துவக் குழுவினர் தோட்டங்களுக்கே வந்து பெரியவர்களின் வாயைச் சோதிக்கும் திட்டம் தொடங்கியதும் இதற்காகவே. மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு, மலத்தில் இரத்தம், காரணமில்லாத உடல் மெலிவு, மூன்று வாரத்துக்கு மேற்பட்ட இருமல் ஆகியவற்றுக்கு அரசாங்க மருந்தகத்தை நாடுங்கள். கருப்பை வாய்ச் சோதனை நம் நாட்டில் 1969 முதல் நடந்து வருகிறது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் காணும் சோதனையும் உண்டு. "பிள்ளை பெற்று முடித்தாயிற்று, இனி எனக்கு எதற்கு?" என்று அம்மாமார் சொல்லக்கூடாது. பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கு 2010 முதல் போடப்பட்டு வரும் கருப்பை வாய்ப் புற்றுத் தடுப்பூசிக்கான ஒப்புதல் தாளில் கையெழுத்திடத் தயங்கவும் வேண்டாம். முதல் தாழ்ப்பாளை இளமையிலேயே இறுக்கிவிடும் ஊசி அது.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்களை விட்டு நம் குடும்பங்கள் ஈப்போவுக்கும் புந்தோங்குக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. தோட்டத்தில் இருந்தபோது லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகம் வாடினால் பத்து வீட்டுக்காரர் கேட்பார்கள். டிரெஸ்ஸர் ஐயாவும் போகிற வழியில் எட்டிப் பார்ப்பார். இன்று நான்காம் மாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் பாட்டியை யார் கவனிக்கிறார்கள்? அந்தப் பத்து வீட்டுக்காரரின் வேலையையும் டிரெஸ்ஸரின் வேலையையும் சேர்த்து இப்பொழுது நாம்தான் செய்ய வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் வெளிச்சத்தில் உட்கார வைத்து, "பாட்டி, வாயைத் திறங்கள் பார்ப்போம்" என்று பேரப்பிள்ளை கேட்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

நம் முன்னோரில் பலருக்கு முதுமை என்பதே வாய்க்கவில்லை. காய்ச்சலிலும் ரயில் பாதையிலும் இளமையிலேயே போய்விட்டார்கள். அவர்கள் காணாத அந்தப் பருவத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள். பாடுபட்டுக் கிடைத்த அந்த ஆண்டுகளை, "வயசாச்சு" என்ற சொல்லால் நாமே பறித்துவிடாமல் காப்போமாக.